திண்ணையில் ஒரு பிரஷர் நாள்: ஊர் முதியோருக்கான குழுவை நடத்தும் முறை

பிரஷர் முகாம் போடுவது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பந்தல், இரண்டு மேசை, நான்கு நாற்காலி போதும். மதியத்துக்குள் நூறு பேருக்குப் பார்த்துவிடலாம். கூடுதலாக இருப்பவர்களிடம் ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து, "டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பலாம். ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டை வாங்கியவர்களில் எத்தனை பேர் மாத்திரை போடுகிறார்கள் என்று கேட்டால், முகாம் நடத்தியவர்களிடம் பதில் இருக்காது. பெரும்பாலும் பெயர்ப் பட்டியலே இருக்காது.

முதியோரின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வருவதும் வராததும் இந்த ஆறு மாதத்தில்தான் முடிவாகிறது. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது: ஒரு தெருவிலோ சிற்றூரிலோ இருபது முப்பது முதியவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, மாதாமாதம் விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி. மகளிர் சுய உதவிக் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர் என யார் வேண்டுமானாலும் நடத்தலாம். நோயைக் கண்டறிவதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவரின் வேலை. அளப்பது, எழுதுவது, தேடிப் போவது குழுவின் வேலை. இந்தக் கோட்டைத் தாண்டினால் குழு ஊருக்கு ஆபத்தாகிவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். அவர்களோடு போட்டி போடக் குழு தேவையில்லை. சுகாதாரத் தன்னார்வலர் ஒருமுறை வந்துபோனதற்கும் மறுமுறை வருவதற்கும் இடையில் மாத்திரை வாய்க்குள் போகிறதா, டப்பாவில் தூங்குகிறதா என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். ஆகவே முதல் வேலை, உங்கள் பகுதித் தன்னார்வலரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் சந்தித்துப் பேசுவது. அவர்களுக்குத் தெரியாமல் தொடங்கிய குழுக்களிடமிருந்து வரும் சீட்டுகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

இப்படி வீடு தேடிப் போவதால் அழுத்தம் உண்மையில் குறையுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்திலேயே பதில் உண்டு. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், 2,645 பேரிடம் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற ஊர்களைவிட இந்த ஊர்களில் மேல் அளவு (140/90 என்று எழுதும்போது முதலில் வரும் எண்; 90 கீழ் அளவு) சராசரியாக 5 புள்ளிக்குச் சற்றுமேல் கூடுதலாகக் குறைந்தது. 2020ல் வெளியான முடிவு இது. 5 என்பது ஒருவருக்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஊர் முழுக்கக் குறைந்தால், பக்கவாதம் வந்து படுப்பவர்களின் எண்ணிக்கையில் அது தெரியும்.

ஆள், இடம், நாள்

குழுவை நடத்தும் ஒருவருக்கு 20 முதல் 25 பேர் போதும். அதற்குமேல் சேர்த்தால் அளவெடுப்பது மட்டும் நடக்கும், பேச்சு நடக்காது. 60 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேருங்கள், பிரஷர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களையும் சேர்த்துத்தான். பிரஷர் இருந்தால் தலைவலி, கிறுகிறுப்பு வந்து தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. "இன்னைக்குத் தலை சுத்தல, அதான் மாத்திரை போடல" என்பது இதே நம்பிக்கையின் மறுபக்கம்.

இடத்தைப் பொறுத்தவரை சத்தமில்லாத, நிழலான, படி ஏற வேண்டாத இடமாகப் பாருங்கள். அகலமான திண்ணை, சமுதாயக் கூடம், அங்கன்வாடியின் ஒரு மூலை, எதுவானாலும் சரி. சாய்மானம் உள்ள நாற்காலி இரண்டு, மேசை ஒன்று கட்டாயம். பெண்களுக்கு மறைவாக ஒரு திரை வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைத் தளர்த்த இடமில்லாமல் துணிமேலேயே கட்டிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. மெல்லிய துணியால் பெரிய கேடில்லை. ஆனால் மேலே சுருட்டிவிட்ட கை தோளுக்குக் கீழே கயிறுபோல் இறுக்கினால் அளவு மாறிவிடும்.

நேரம் காலை 7 முதல் 9. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை, அவர்கள் வேலைக்குக் கிளம்புமுன்பே பார்த்துவிட வேண்டும். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவரின் அளவு எதற்கும் உதவாது. மாதத்தில் ஒரே கிழமையை வைத்துக்கொள்ளுங்கள், "இரண்டாம் செவ்வாய்" என்பதுபோல. தேதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போய்ப் பழகியவர்கள், இங்கேயும் மாத்திரை போடாமல் வந்து நிற்பார்கள். பிரஷர் பார்க்க மாத்திரையை நிறுத்தக் கூடாது. வழக்கம்போல் போட்டுவிட்டு வரட்டும், எத்தனை மணிக்குப் போட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி

மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதும் விரலில் மாட்டுவதும் வேண்டாம், கை கொஞ்சம் இறங்கினாலே அளவு மாறும். நல்ல கருவி ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். கடைக்காரர் சொல்வதைவிட, முறையாகச் சோதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். 'ஸ்ட்ரைட் பிபி' என்ற தளத்தில் மாடல் எண்ணோடு பட்டியல் இருக்கிறது.

கருவியைவிடக் கைப்பட்டையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. மெலிந்த பாட்டியின் கை 20 செ.மீ. இருக்கும், அடுத்து வருபவரின் கை 35 இருக்கும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் அளவு கூட்டிக் காட்டும். பெரிய பட்டையைச் சின்னக் கையில் கட்டினால் குறைத்துக் காட்டும். தையல்காரரின் அளவுநாடா ஒன்றைக் கருவிப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒருமுறை அளந்து, ஏட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'சி', 'ந', 'பெ' என்று குறித்துவிட்டால் மறுபடி அளக்க வேண்டியதில்லை. பெரிய பட்டையைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் அதே மாடலுக்கானதாக இருக்க வேண்டும், வேறு கருவியின் பட்டையைச் செருகக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுடைய கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாறு பேருக்கு மாற்றி மாற்றி எடுக்கும்போது, எப்போதும் ஒரே திசையில் 5 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கருவியைப் பழுதுபார்க்க அனுப்புங்கள். பேட்டரி தீரும் நிலையில் இருந்தாலும் கருவி தடுமாறும். மாற்று பேட்டரி இல்லாமல் நாளைத் தொடங்க வேண்டாம்.

அளப்பது

வந்தவர் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கூட்டம் சேர்ந்ததும் முதலில் காணாமல் போவதும் இதுதான். இதற்கு ஒரு வழி: அளக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு 'காத்திருப்பு நாற்காலி' போடுங்கள். அங்கே உட்காராமல் யாரும் நேராக வரமுடியாது.

உட்கார்வதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டாரா என்று கேளுங்கள். கடந்த அரை மணி நேரத்தில் காபி, டீ, புகையிலை, பொடி, வெற்றிலைப் புகையிலை ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால் காத்திருக்கட்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். கால்மேல் கால் கூடாது. குள்ளமான பாட்டிகளுக்குக் கால் எட்டாமல் தொங்கும், ஒரு மணைக்கட்டையைக் கீழே வையுங்கள். கை மேசைமேல், பட்டை இதய மட்டத்தில் இருக்கட்டும். கை 10 செ.மீ. கீழே இறங்கினால் மேல் அளவு 7, 8 புள்ளி கூடிக் காட்டும். மேசை தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையை வைத்து உயர்த்துங்கள். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும், இறுக்கம் ஒரு விரல் நுழையும் அளவு.

பிறகு யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். "மருமக எப்படி இருக்கா?" என்று பட்டை ஊதும்போது கேட்டால் அளவு ஏறாமல் என்ன செய்யும்.

இரண்டு முறை எடுங்கள், இடையில் ஒரு நிமிடம் விட்டு. இரண்டின் சராசரியை எழுதுங்கள். இரண்டுக்கும் 10க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது எடுத்து, கடைசி இரண்டின் சராசரியைக் கொள்ளுங்கள். முதல்முறை வருபவருக்கு இரண்டு கையிலும் பாருங்கள். தொடர்ந்து 10க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், இனி எப்போதும் கூடுதலாகக் காட்டும் கையிலேயே அளக்க வேண்டும். வித்தியாசம் 20 இருந்தால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கை, மார்பக அறுவைக்குப் பின் வீங்கும் கை ஆகியவற்றில் பட்டையே கட்டக் கூடாது.

கருவி திரும்பத் திரும்பப் பிழை காட்டினாலோ, எண் ஒவ்வொரு முறையும் தாறுமாறாக மாறினாலோ, மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வந்தால், கருவியைக் குறை சொல்லாமல் அவரை ஈசிஜி எடுக்க அனுப்புங்கள். ஒழுங்கற்ற இதயத் துடிப்பு முதியோரிடம் அதிகம். பக்கவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

முதியோருக்கென்றே இன்னொரு அளவு உண்டு, நின்றபடி எடுப்பது. உட்கார்ந்து எடுத்தபின் எழுந்து நிற்கச் சொல்லி, 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அவர் இரவில் எழுந்து கழிவறை போகும்போது விழக்கூடியவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் பிரஷர் குறைந்த பயனெல்லாம் போய்விடும். புதிதாகச் சேர்பவர், மாத்திரை மாற்றப்பட்டவர், அண்மையில் விழுந்தவர் என மூன்று வகையினருக்கும் இதைத் தவறாமல் செய்யுங்கள். நிற்கும்போது பின்னால் நாற்காலி இருக்கட்டும், பக்கத்தில் ஓர் ஆளும் இருக்கட்டும்.

எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். "உனக்கு எவ்ளோ? எனக்கு 160" என்று திண்ணையில் ஏலம் தொடங்கிவிட்டால், அடுத்து உட்காருபவருக்கு அளவு தானாக ஏறும். அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

எண் வந்தபின்

முதியோரில் பெரும்பாலும் மேல் அளவு மட்டும் ஏறியிருக்கும். 164/78 போல வரும். ரத்தக்குழாய்கள் வயதில் விறைத்துப்போவதால் இப்படி ஆகிறது. கீழ் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. 'வயசு கூட 100' என்ற பழைய கணக்கும் தவறு. 75 வயதுக்காரருக்கு 175 இயல்பு ஆகாது.

பொதுவான இலக்கு 140/90க்குக் கீழே. 80 வயதைத் தாண்டியவர்கள், மிகவும் தளர்ந்தவர்களுக்கு மருத்துவர் 150 வரை விடலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இன்னும் இறுக்கலாம். ஆகவே ஒவ்வொருவரின் இலக்கையும் மருத்துவரிடம் கேட்டு அட்டையின் தலைப்பில் எழுதி வாங்குங்கள்.

புதியவருக்கு 140/90க்கு மேல் ஒருநாள் மட்டும் வந்தால் 'பிரஷர்காரர்' என்று முத்திரை குத்த வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் வேறொரு நாள் பார்த்து, அப்போதும் கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 160/100 தாண்டினால் அந்த வாரத்துக்குள் போக வேண்டும். 180/110 தாண்டினால் பதற்றமில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லையென்றால் அன்றைக்கே மருத்துவரிடம், துணைக்கு ஓர் ஆளோடு. மறுபக்கமும் இருக்கிறது: மாத்திரை போடுபவருக்கு மேல் அளவு 110க்குக் கீழே வந்து, கிறுகிறுப்பும் இருந்தால் அதுவும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய எண்தான். "மாத்திரையை நிறுத்திடுங்க" என்று நீங்கள் சொல்லக் கூடாது. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும்.

வாய் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சு குழறுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் எண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும், அந்தக் கணக்கு இந்த நேரத்திலிருந்து ஓடும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் சொட்டு விடும் பழைய வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அழுத்தத்தை ஒரேயடியாகக் கவிழ்த்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் செய்துவிடும் காரியம் அது.

மஞ்சப்பை நாள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்: அரசு மாத்திரை, தனியார் மருத்துவர் எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது, தைலம், சூரணம், லேகியம், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதை மேசையில் கொட்டிப் பார்த்தால், அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்பதற்கு மருத்துவருக்கே தெரியாத காரணங்கள் அங்கே கிடக்கும்.

முதலில் தேட வேண்டியது இரட்டை மாத்திரை. அரசு மருந்தகத்தில் அம்லோடிபின் 5 மி.கி. என்ற பிரஷர் மாத்திரை வாங்குவார். டவுனில் தனியாரிடம் போனபோது டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதிக்கொடுத்திருப்பார்கள். பெயர் வேறு, நிறம் வேறு, ஆகவே இரண்டையும் போடுவார். கால் வீங்கும், எழுந்தால் கண் இருட்டும். இதற்கு நேர்மாறாக, அரசு சப்ளையில் கம்பெனி மாறி வெள்ளை மாத்திரை மஞ்சளாக வந்தால், "இது நம்ம மாத்திரை இல்ல" என்று ஒதுக்கிவைத்திருப்பார். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் எழுதியிருக்கும் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரல்ல, 'அம்லோடிபின்' போன்ற மருந்தின் பெயர்) ஒப்பிடக் குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வலி மாத்திரை. மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மாதக்கணக்கில் போடுபவர்கள் கிராமங்களில் ஏராளம். இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பிரஷர் மாத்திரைக்கு அழுத்தம் அடங்காத ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "முட்டி வலிக்கு என்ன போடுறீங்க?" மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள், ஸ்டீராய்டு கலந்த பெயரில்லாப் பொட்டலப் பொடிகள், தினமும் குடிக்கும் நுரைக்கும் வயிற்று உப்பு ஆகியவையும் இதே வரிசை. அதிமதுரத்தைச் சளிக்கும் தொண்டைக்கும் நாள்தோறும் கஷாயமாகக் குடிப்பவர்களுக்கு அழுத்தம் ஏறி பொட்டாசியம் குறையலாம். மூலிகைதானே என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிறகு எண்ணிக்கை. 30 நாளுக்கு முன் 30 மாத்திரை வாங்கியவரிடம் இன்று 11 மீதி இருந்தால், 19 நாள்தான் போட்டிருக்கிறார். இதைக் குற்றம்போல் கேட்டால் அடுத்த மாதம் மீதி மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிட்டு வருவார். "எந்த நேரத்துல மறந்துபோகுது?" என்று கேளுங்கள். காரணம் வெளியே வரும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கியிருக்கும், எனலாபிரிலால் வறட்டு இருமல் வந்திருக்கும், நீர் மாத்திரையால் பஸ்ஸில் போக முடியாமல் இருந்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம் மாற்று உண்டு. சொல்லாமல் நிறுத்தியதால்தான் மாற்று கிடைக்கவில்லை.

மறதிக்கு நல்ல மருந்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். மாத்திரை அட்டையை அதன் ஆணியிலேயே ஒரு பையில் மாட்டிவிடுங்கள். தாள் கிழித்தால் மாத்திரை, மாத்திரை போட்டால்தான் தாள். கிழிக்காத தாள்கள் சேர்ந்திருந்தால் பேத்திக்கும் தெரியும், வீட்டுக்கு வரும் உங்களுக்கும் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், கோயில் கூட்டாளி, யாராக இருந்தாலும் சரி, ஆனால் முதியவரே தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும். கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 1,371 பேரிடம் ஓராண்டு நடந்து 2019ல் வெளியான ஆய்வில் மூன்றையும் சேர்த்தே செய்தார்கள்: பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர், இலவச மருந்து, கூடவே உறவினரோ நண்பரோ ஒருவர். வழக்கமான சிகிச்சையைவிட மேல் அளவு 11 புள்ளி கூடுதலாக இறங்கியது. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, தனியாக வாழும் முதியவர்களுக்குத் துணையாள் கிடைப்பதுதான் கடினம். அவர்களில் ஒருவருக்கொருவரைத் துணையாகப் போடலாம்.

ஏடு

இரண்டு பக்கமும் விரியும் நீள நோட்டு ஒன்று. ஒருவருக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். பெயர், தெரு அடையாளம், துணையாளின் கைபேசி எண், பட்டை அளவு, இலக்கு ஆகியவை இடப்பக்கம். கட்டத்தில் அளவும், மாத்திரை மீதியும். வராதவரின் கட்டத்தில் சிவப்பு மையில் 'வ'.

நாள் முடிந்ததும் 'வ' போட்ட பெயர்களைத் தனித் தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் குழுவின் உண்மையான வேலை. மூன்று நாளுக்குள் தொலைபேசி, ஒரு வாரத்துக்குள் வீடு. தொடர்ந்து வருகிறவர்கள் பெரும்பாலும் குழு இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள். வராதவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார், காலில் புண்ணாக இருப்பார், வீட்டில் சண்டையாக இருக்கும், அல்லது "சரியாயிடுச்சு" என்று நிறுத்தியிருப்பார். அளவு இறங்கியது மாத்திரையால்தான், நிறுத்தினால் திரும்ப ஏறும் என்பதை ஒவ்வொரு மாதமும் புதிதுபோல் சொல்ல வேண்டியிருக்கும். வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், தன்னார்வலரிடம் பேசிக் கூடுதலாக இரண்டு வார மாத்திரை கையில் இருக்கும்படி செய்யலாம். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு முந்தைய மாதத்தில் இதை நினைவூட்டிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் போடுங்கள், அதில் ஏமாறாதீர்கள். மூன்று குழுக்களைச் சேர்த்துப் பிரஷர் உள்ளவர்கள் 60 பேர் பதிவாகி, 42 பேர் வந்து, அவர்களில் 30 பேர் இலக்குக்குள் இருந்தால், கட்டுப்பாடு 60ல் 30, அதாவது 50 சதவீதம். வந்த 42 பேரை வைத்து 71 சதவீதம் என்று எழுதினால் காகிதத்தில் அழகாக இருக்கும், வராத 18 பேர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

ஏட்டின் நேர்மையைச் சோதிக்க ஒரு சின்ன வித்தை உண்டு. தானியங்கிக் கருவி எல்லாக் கடைசி இலக்கங்களையும் ஏறத்தாழ சமமாகக் காட்டும். 50 அளவுகளில் நாலைந்துதான் பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். 130, 140, 120 என்று இருபது முப்பது வரிசையாக வந்தால், யாரோ உத்தேசமாக எழுதுகிறார்கள், அல்லது அளக்காமலே எழுதுகிறார்கள்.

உப்பு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு சிறு தேக்கரண்டிக்குள். இதை அறிவுரையாகச் சொல்லிப் பயனில்லை, பாக்கெட்டால் அளக்கலாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். நால்வர் குடும்பத்தில் அது 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. 50 நாள் வந்தால் 5 கிராம். அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், வற்றல், மிக்ஸர் ஆகியவற்றைச் சேர்க்காத கணக்கு. ஆகவே இரண்டு மாதம் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு மட்டும் தனியாக உப்பில்லாச் சமையல் என்பது ஒரு வாரம்தான் ஓடும். வீட்டுக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நடைமுறை. சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம், மோரிலும் கஞ்சியிலும் பாதியாக்கலாம், சாப்பிடும் இடத்தில் உப்புக் கிண்ணம் இருக்கக் கூடாது. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். எலுமிச்சை, புளி, மிளகு, கறிவேப்பிலை கைகொடுக்கும். பல் போனவர்கள் மூன்று வேளையும் கஞ்சியும் ஊறுகாயும் என்று இருந்தால், உப்பைக் குறைக்கச் சொல்லுமுன் மெல்ல முடியும்படி குழைந்த காய்க்கூட்டுக்கு வழி செய்யுங்கள்.

இந்துப்பு நல்லது என்று வாங்குகிறார்கள். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அயோடின் வேறு பெரும்பாலும் சேர்த்திருக்காது. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பு வேறு வகை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021ல் வெளியான ஆய்வில், கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கொண்ட உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே உப்பு இதயத்தை நிறுத்தக்கூடிய அளவுக்குப் பொட்டாசியத்தை ஏற்றலாம். டெல்மிசார்ட்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மாத்திரைகளைப் போடுபவர்களும் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதியோர் குழுவில் இப்படிப்பட்டவர்கள் நிறைய இருப்பார்கள், ஆகவே ஊர்ப் பொதுவாக இதைப் பரிந்துரைக்க வேண்டாம்.

மற்றவை

நடக்க முடிந்தவர்கள் அளவு முடிந்தபின் சேர்ந்தே அரை மணி நேரம் நடக்கட்டும். முட்டி ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகலாம். புகையிலை, மது பற்றிக் கூட்டத்தில் பிரசங்கம் வேண்டாம், தனியாகப் பேசுங்கள்.

கத்திரி வெயிலில் கவனம் வேண்டும். வியர்த்து நீர் வற்றும்போது, நீர் மாத்திரை போடும் முதியவருக்கு அழுத்தம் சரிந்து சோடியமும் குறையலாம். திடீர்க் குழப்பம், அசதி, நடை தள்ளாட்டம் வந்தால் வயதுக் கோளாறு என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் மாத்திரை போடுவதா வேண்டாமா என்பதை அன்றே செவிலியரிடம் கேட்க வேண்டும். மார்கழி, தை குளிரில் அளவு கொஞ்சம் ஏறும்.

ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை, ஈசிஜி ஆகியவை எல்லோருக்கும் ஆனதா என்று ஏட்டில் ஒரு கட்டம் வைத்துப் பாருங்கள்.

குழுவை நடத்துபவர் திருமணமாகியோ வேலை கிடைத்தோ போய்விடுவார், அது நடக்கும். முதல் நாளிலிருந்தே இருவராக அளக்கப் பழகுங்கள், ஏடு ஒருவர் வீட்டில், கருவி மற்றவர் வீட்டில் இருக்கட்டும். உறுப்பினர் இறந்தால் பெயரின் மேல் கோடு போட்டு, தேதியும் காரணமும் எழுதி, அடுத்த காலாண்டிலிருந்து கணக்கில் சேர்க்காதீர்கள். அவருடைய மீதி மாத்திரைகளை, "ஒரே மாத்திரைதானே" என்று பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிடாமல் தன்னார்வலரிடமோ சுகாதார நிலையத்திலோ ஒப்படையுங்கள்.